பால் கணக்கும் பம்ப் கணக்கும்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் பின்னால் மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். தேதிக் கட்டத்தின் மேல்பாதியில் அம்மா பால் கணக்கு எழுதுவாள். வழக்கமான அரை லிட்டர் என்றால் ஒன்று, விருந்தாளி வந்து கூடுதலாக வாங்கினால் இரண்டு. கீழ்ப்பாதியில் சிவப்புப் பேனாவால் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். அது பம்ப் கணக்கு. நீல இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் ஒரு கோடு. நான்கு வருடமாக இப்படி எழுதி வருகிறோம். அதற்கு முன்னால் பால் கணக்கு மட்டும்தான் இருந்தது. பாக்கெட் பாலுக்கு இருந்த கவனம் அம்மாவின் மூச்சுக்கு இல்லாமல் போனதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ஆஸ்துமா நான் பிறப்பதற்கு முன்பிருந்தே உண்டு. ஆனால் எங்கள் பெரம்பூர் வீட்டில் யாரும் அதை ஆஸ்துமா என்று சொன்னதில்லை. அம்மா "இழுப்பு" என்பாள், பாட்டி "இளைப்பு" என்பாள். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் காத்தால் வரும். மார்கழிப் பனியில் வரும். ஒட்டடை அடித்தால் அன்று ராத்திரி நிச்சயம். தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி, டெரிஃபிலின் மாத்திரை, ராத்திரி முழுக்கத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அம்மா. என் பள்ளிக்கூடக் காலத்து நினைவு இதுதான். அப்புறம் மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் இழுக்கவைக்கும் நெபுலைசர் வந்தது. அதற்கும் அப்புறம் நீல பம்ப்.

அந்த பம்பை அம்மா யார் கண்ணிலும் காட்ட மாட்டாள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டு அடித்துக்கொண்டு வந்தாள். அந்தத் தலைமுறையின் பயம் எனக்குப் புரிகிறது. நெஞ்சு நோய் என்றாலே அவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம்தான் ஞாபகத்துக்கு வரும். 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. ரயில் நிலையத்துக்கே அதன் பெயர்தான். இருமினாலே ஒதுக்கி வைத்த காலத்தைப் பார்த்தவர்கள். ஆஸ்துமா ஒட்டுவாரொட்டி இல்லை என்று தெரிந்தாலும் மறைக்கத்தான் தோன்றும். மறைத்து எடுக்கும் மருந்துக்குக் கணக்கு இருக்காது. வீட்டிலிருந்த எங்களுக்கே அம்மா ஒரு நாளைக்கு எத்தனை முறை அடிக்கிறாள் என்று தெரியாது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு போகியன்று விடியற்காலை நான்கு மணிக்கே தெருவில் பாய், டயர், பழைய நாற்காலி என்று எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். வடசென்னைக்குப் புகை புதிதல்ல. ஆனால் போகிப் புகை வேறு மாதிரி. தரையோரக் குளிர்ந்த காற்றிலும் பனியிலும் சிக்கிக்கொண்டு, புகை தரையோடு நிற்கும். 2018 போகியின்போது விமானப் போக்குவரத்தே தடுமாறிப்போனது நினைவிருக்கலாம். விமானம் இறங்க முடியாத காற்றை எங்கள் அம்மா எப்படி இழுப்பாள்?

முதல் நாள் சாயங்காலமே இழுப்பு தொடங்கியிருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு பம்ப், பதினொன்றுக்கு இரண்டு, ஒன்றரைக்கு இரண்டு. இடைவெளி குறைந்துகொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. அடித்ததும் பத்து நிமிடத்தில் கொஞ்சம் தெளிவாள். சரி, கேட்கிறது என்று நினைத்துக்கொள்வேன். மூன்று மணிக்கு மேல் அரை மணிக்கு ஒருமுறை. கை நடுங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. "தண்ணி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து "கொடு" என்றாள். இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல மூச்சு இல்லை. ஐந்து மணிக்கு வீஸிங் சத்தம் நின்றது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சில்லிடுகிறது. சத்தம் நின்றது சரியாகிவிட்டதால் அல்ல; விசில் அடிக்கக்கூட உள்ளே காற்றோட்டம் இல்லாததால். உதடு நீலம் பாய்ந்திருப்பதை விளக்கைப் போட்டபோதுதான் பார்த்தேன். 108 வந்தது.

ஆக்ஸிஜன், நெபுலைசர், நரம்பு வழியாக ஸ்டீராய்டு, இரண்டு நாள் தீவிர சிகிச்சை. அம்மா பிழைத்தாள். ஒரு வாரம் கழித்து நுரையீரல் டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, ஒரு பம்ப் உங்களுக்கு எத்தனை நாள் வருது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து தேடினேன். தையல் மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு நடுவே காலி டப்பாக்கள் கிடந்தன. தீபாவளிக்கு அப்புறம் வாங்கியவை மட்டும் நான்கு. ஒரு டப்பாவில் 200 பஃப், அதாவது 200 முறை அழுத்தலாம். நான்கு டப்பா என்றால் 800. தீபாவளியிலிருந்து போகி வரை ஏறக்குறைய எண்பது நாள். ஒரு நாளைக்குப் பத்து. அந்த ராத்திரி திடீரென்று வந்ததல்ல. மூன்று மாதமாக டிராயருக்குள் சேர்ந்துகொண்டிருந்தது.

அடுத்த முறை டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்க்கு மூன்று விஷயங்கள் நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது. உள்சுவர் அழற்சியால் வீங்குகிறது. சளி கெட்டியாகச் சேர்கிறது. நீல பம்பில் இருக்கும் சால்ப்யூட்டமால் இதில் முதலாவதை மட்டும்தான் கவனிக்கும். தசையின் மேலிருக்கும் பீட்டா-2 என்ற ஏற்பியில் போய் உட்கார்ந்து அதைத் தளர்த்தும். ஐந்து நிமிடத்தில் வேலை தொடங்கும், நான்கிலிருந்து ஆறு மணி நேரம் நிற்கும். வீக்கத்தை அது தொடாது. அடைமழையில் ஊதிப்போன மரக்கதவைத் தோளால் இடித்துத் திறக்கிற மாதிரிதான் அது. கதவு திறக்கும். மரம் ஊதினது ஊதினபடியே இருக்கும். நாளுக்கு நாள் கூடுதலாக இடிக்க வேண்டியிருக்கும்.

கை நடுக்கமும் படபடப்பும் ஏன் என்றும் அன்றுதான் புரிந்தது. உடம்பில் இயல்பாகச் சுரக்கும் அட்ரினலினின் சாயலில் செய்யப்பட்ட மருந்து இது. நுரையீரலுக்கென்றே வடிவமைத்தாலும் அளவு கூடும்போது கைத் தசையையும் இதயத்தையும் தொடும். ரத்தத்தில் பொட்டாசியம் அளவையும் இறக்கும். ஒன்றிரண்டு பஃப் அடித்து லேசாகக் கை நடுங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதய நோய் உள்ளவர்கள், கூடவே டெரிஃபிலின் மாதிரி தியோஃபிலின் மாத்திரையும் எடுப்பவர்கள், மணிக்கு மணி அடித்துக்கொண்டே வீட்டில் இருக்கக் கூடாது.

இந்த மருந்தின் கதையைப் பிறகு தேடிப் படித்தேன். அளவாக மருந்து பீய்ச்சும் இன்ஹேலர் 1956-ல் வந்தது. 1960-களில் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஆஸ்துமா சாவுகள் திடீரென்று கூடின; ஐசோப்ரெனலின் என்ற பழைய நிவாரணியின் வீரியம் கூடிய பம்புகள் புழக்கத்தில் இருந்த காலம் அது. சால்ப்யூட்டமால் 1969-ல் வந்தது, இதயத்தை அவ்வளவாகத் தொடாத மருந்தாக. 1970-களின் நடுவில் நியூசிலாந்தில் மறுபடியும் சாவுகள் கூடின. அங்கே சந்தேகம் ஃபெனோடெரால் என்ற பம்பின் மேல் விழுந்தது. மருந்தே நேரடியாகக் கொன்றதா, மருந்து தந்த தற்காலிக நிம்மதியில் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதித்ததால் செத்தார்களா என்று வருடக் கணக்கில் விவாதம் நடந்தது. எனக்கு அந்த விவாதத்தில் இரண்டாவது பக்கம் நன்றாகவே தெரியும். அன்றைக்கு ராத்திரி எட்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஜினா என்று சுருக்கமாகச் சொல்லும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-ல் ஒரு பெரிய திருப்பம் எடுத்தது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீல பம்பை மட்டும் வைத்து ஆஸ்துமாவுக்கு வைத்தியம் பார்க்க வேண்டாம், அழற்சியைக் குறைக்கும், மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டு எந்த வடிவிலாவது கூட இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதே வழிகாட்டுதலில் இரண்டு எண்கள் இருக்கின்றன. வருடத்துக்கு 3 நீல டப்பாவோ அதற்கு மேலோ காலியானால் கடுமையான இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது. 12 அல்லது அதற்கு மேல் என்றால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. அம்மா எண்பது நாளில் நான்கு காலி செய்திருந்தாள்.

நம் ஊரில் பம்பைக் கண்டு பயம் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிதான் உண்மையாகப் படுகிறது. பயம் இருக்கிறது, ஆனால் தவறான பம்பின் மேல். உடனே நிம்மதி தரும் நீலத்தை நம்புகிறோம். தினமும் எடுக்கச் சொல்லும் தடுப்பு பம்பை "ஸ்டீராய்டாமே, பழகிடுமாமே" என்று பத்து நாளில் நிறுத்திவிடுகிறோம். அம்மாவும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறாள், எனக்குத் தெரியாமல் இரண்டு முறை. டாக்டர் திட்டவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினார். இழுப்பு முற்றும்போது கொடுக்கும் ப்ரெட்னிசலோன் மாத்திரை சின்னது ஒன்றே 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம். அம்மாவின் பம்பில் ஒருமுறை இழுத்தால் 200 மைக்ரோகிராம் புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு, அதுவும் நேராக நுரையீரலுக்கு. "இதுக்குப் பயந்து நிறுத்தினா, அப்புறம் அதை முழுங்க வேண்டி வரும், அம்மா" என்றார். தடுப்பு பம்பால் தொண்டை கரகரக்கலாம், வாயில் வெள்ளைப் படை வரலாம். ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது. அம்மா இப்போது பல் தேய்ப்பதற்கு முன்னால் அதை வைத்துக்கொண்டாள். இரண்டும் ஒரே வேலையாக முடிகிறது.

அப்புறம் அடிக்கும் முறை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பதினைந்து வருடம் பம்ப் வைத்திருந்த அம்மாவுக்கு யாரும் இதைச் செய்துகாட்டச் சொன்னதில்லை. சீட்டு எழுதினார்கள், மெடிக்கலில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். "என் முன்னாடி ஒரு தடவை அடிங்க" என்றார் இந்த டாக்டர். அம்மா குலுக்கவில்லை. அழுத்திவிட்டு, அப்புறம் மூச்சை இழுத்தாள். வாயோரத்தில் வெள்ளைப் புகை வெளியே வந்தது. "அந்தப் புகைதான் உங்க மருந்து. நாக்குலயும் தொண்டையிலயும் நிக்குது, உள்ளே போகவே இல்லை."

குலுக்க வேண்டும். மூச்சை முழுதாக வெளியே விட வேண்டும். உதடு இறுக மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்குகிற அதே நேரத்தில் அழுத்தி, நான்கைந்து விநாடி நிதானமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். இரண்டாவது பஃப் என்றால் அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்கி. ஒரே மூச்சில் இரண்டு அடிப்பது வீண். இது பீய்ச்சும் பம்புக்கு. மருந்துப் பொடி அடைத்த கேப்ஸ்யூலை உள்ளே போட்டுத் திருகும் ரோட்டாஹேலருக்கு முறை நேர் எதிர்: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும், அங்கே பொடியை இழுத்து வருவதே உங்கள் மூச்சுதான். அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீர் வைத்து விழுங்கிய ஒருவரை ஆஸ்பத்திரி வரிசையில் சந்தித்தேன். அவருக்கும் யாரும் செய்துகாட்டியிருக்கவில்லை.

அம்மாவின் கைக்கும் மூச்சுக்கும் ஒத்துவராததால் ஸ்பேசர் வாங்கினோம். பம்பின் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் குடுவை. மருந்து அதற்குள் மிதந்து நிற்கும், நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். இத்தனை எளிய பொருள் எங்கள் வீட்டுக்கு வர இத்தனை வருடம் ஆனது எனக்கு இன்னும் ஆறவில்லை. நெபு வைத்தால்தான் கேட்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் பலமாக இருக்கிறது. மிகக் கடுமையாகாத இழுப்புக்கு ஸ்பேசரில் அடிக்கும் பம்ப் நெபுலைசருக்குச் சமமாகவே வேலை செய்கிறது. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துணியால் துடைக்காமல் தட்டு ஸ்டாண்டில் கவிழ்த்துவிட வேண்டும். துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

பம்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காலியா என்று பார்ப்பது நம்பத்தக்கதல்ல. காலியான டப்பாகூட புஸ்ஸென்று காற்றைப் பீய்ச்சும், மருந்து இருக்காது. எண் காட்டும் பம்ப் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் 200-லிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டியதுதான். காலண்டர் கோடுகள் தொடங்கியது அதற்காகத்தான். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் பம்பை விட்டுவிட்டுப் போகாதீர்கள், அழுத்தம் அடைத்த டப்பா அது.

இன்னொரு விஷயம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. போன வருடம் அம்மாவுக்குக் கண் அழுத்தம் என்று ஒரு கண் கிளினிக்கில் சொட்டு மருந்து எழுதினார்கள். ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை; கண்ணுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? ஐந்தே நாளில் காலண்டரின் கீழ்ப்பாதி சிவந்துவிட்டது. நாளுக்குக் கோடே இல்லாத அம்மாவுக்கு மூன்று, நான்கு, ஆறு. சொட்டு மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு நுரையீரல் டாக்டரிடம் ஓடினேன். அதில் இருந்தது டிமோலால். பீட்டா தடுப்பான் வகை. சால்ப்யூட்டமால் எந்த ஏற்பியைத் திறக்கிறதோ அதையே பூட்டுவது. கண்ணில் விட்ட சொட்டு மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய்விடுகிறது. கண் டாக்டரிடம் பேசி வேறு சொட்டுக்கு மாற்றினார்கள், ஒரு வாரத்தில் கோடுகள் நின்றன. ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் கொடுக்கும் ப்ரொப்ரனலாலும் இதே வகைதான். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். டெரிஃபிலின் எடுக்கிறவருக்குக் காய்ச்சலென்று சிப்ரோஃப்ளாக்சசினோ எரித்ரோமைசினோ கொடுத்தால் ரத்தத்தில் தியோஃபிலின் ஏறிவிடும். அந்த மருந்துக்கு வைத்தியத்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகல், வாந்தி, படபடப்பில் தொடங்கி வலிப்பு வரை போகலாம். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் "எனக்கு ஆஸ்துமா, இந்த பம்ப் எடுக்கிறேன்" என்று நாமே முதலில் சொல்லிவிடுவதுதான் பாதுகாப்பு.

பாட்டி வைத்திய விஷயத்திலும் எனக்கு மரியாதை உண்டு. ஆடாதோடை இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளிலிருந்துதான் சளி இளக்கும் ப்ரோம்ஹெக்சின் மருந்து உருவானது. தூதுவளை ரசம் எங்கள் வீட்டில் இன்றும் வாரம் ஒருநாள் உண்டு. ஆனால் இழுப்பு வந்த ராத்திரியில் கஷாயம் கொதிக்கவைக்கும் நேரம் அம்மாவிடம் இல்லை. தடுப்பு பம்பின் இடத்திலும் அதை வைக்க முடியாது.

நுரையீரல் டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. இழுப்பு வந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும், படுக்கக் கூடாது. ஸ்பேசரில் நீல பம்ப் ஒரு பஃப், நான்கைந்து மூச்சு, மறுபடி ஒரு பஃப். இப்படி நான்கு. நான்கு நிமிடம் பார்த்துத் தெளியவில்லை என்றால் இன்னொரு நான்கு. அதற்கும் அடங்கவில்லை என்றால் 108-ஐக் கூப்பிட வேண்டும், வண்டி வரும்வரை தொடர வேண்டும். வண்டிக்குக் காத்திருக்கும்போது மட்டும் பம்பைக் கணக்குப் பார்த்து நிறுத்தக் கூடாது. முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம், அரைத்தூக்கம், குழப்பம் இவற்றில் எது இருந்தாலும் எண்ணிக்கை பார்க்காமல் உடனே கூப்பிட வேண்டும். தெளிந்தாலும், அந்தத் தெளிவு மூன்று மணி நேரம் நிற்கவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இது அம்மாவுக்கு எழுதிய தாள். உங்களுக்கான தாளை உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள்.

தம்பிக்கும் ஆஸ்துமா உண்டு, அவனுக்கு எழுதிய தாளே வேறு. அதில் நீல பம்பே இல்லை. புடெசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே பம்ப், தினசரிக்கும் அதுதான், இழுப்புக்கும் அதுதான். ஃபார்மோடெரால் சில நிமிடங்களில் மூச்சுக்குழாயைத் திறந்துவிடுவதால் அப்படி முடிகிறது. சால்மெட்டரால் சேர்ந்த பம்புகள் மெதுவாகத்தான் திறக்கும், அவற்றை அவசரத்துக்கு அடிக்கக் கூடாது. பார்வைக்கு எல்லாம் பம்ப்தான். தன் பம்பின் மேல் எழுதியிருக்கும் மருந்துப் பெயரை அவரவர் வாசித்து வைத்திருக்க வேண்டும்.

போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்குக் கீழ்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். கல்லூரியில் படிக்கும் மகனுக்கு இழுப்பு, பம்ப் தீர்ந்துவிட்டது, மெடிக்கலில் வாங்கிவரும்வரை அம்மாவுடையதைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஸ்பேசரை அலசி எடுத்துக்கொண்டு அம்மாவே இறங்கிப் போனாள். யார் பார்ப்பார்களோ என்று பம்பை மறைத்த அம்மா, மாடிப்படியில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். நான்கு பஃபில் பையன் தெளிந்தான். அம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள், "ஏம்ப்பா, இந்த மாசம் எத்தனை தடவை அடிச்சே?"

அவன் அவன் அம்மாவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தார். மேசை டிராயரில், காலேஜ் பையில், வண்டிப் பெட்டியில் என்று தேடி, மூன்று காலி டப்பாவைக் கொண்டுவந்து வைத்தான். சனிக்கிழமை காலை அவர்களோடு நானும் டாக்டரிடம் போகிறேன். டப்பா மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கிறாள் அம்மா.